கழற்றிய கார்புரேட்டரைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை பக்கம் இன்னும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. மாருதி 800, ஆம்னி, பத்மினி, அம்பாசிடர் எதுவானாலும் சரி. "பிக்கப் இல்லை" என்று பட்டறையில் விட்ட ஒரு காரிலிருந்து ஒரிஜினல் கார்புரேட்டரை உருவிக்கொண்டு, டூப்ளிகேட்டை மாட்டி, அதற்கும் காசு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தாலே போதும்.

வண்டி உச்சிப்புளிக்காரர் ஒருவருடைய 1998 மாடல் மாருதி 800. ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சுத்தமாக நிற்கும். ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் ஒழுங்காக ஏறும். சட்டென்று மிதித்தால் மட்டும் இன்ஜின் ஒரு நொடி செத்து, கார்புரேட்டர் வழியாக "டப்"பென்று தும்மி, அப்புறம்தான் எடுக்கும். பாம்பன் ரோடு பாலத்தில் நடுமேடு ஏறும்போது தேர்ட் கியரில் மிதித்தால் அப்பட்டமாகத் தெரியும். முதல் தடவை மூன்று பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், "ட்யூனிங்" என்று 2,850 ரூபாய். கோளாறு அப்படியே இருந்தது. மறுபடி போனபோது, "கார்புரேட்டர் தேஞ்சு போச்சுண்ணே, கழுவுனாலும் நிக்காது, புதுசுதான்" என்று 8,500 ரூபாய். தும்மல் நின்றது. ஆனால் லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 11க்கு இறங்கியது, சைலன்சர் வாய் கரி பிடித்தது, வண்டிக்குள் எந்நேரமும் பெட்ரோல் வாடை. பழையதைக் கேட்டால், "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சே!"

மாட்டிக் கொடுத்ததைத் திறந்து பார்த்ததில் பாடியில் தயாரிப்பாளர் முத்திரையே இல்லை. பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகுதான் மெயின் ஜெட். ஒரிஜினலில் அதன் தலையில் எண் பொறித்திருக்கும், இதில் மொட்டை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜெட் துளையின் விளிம்பில் டிரில் போட்ட பிசிறு. துளையைப் பெரிதாக்கிப் பெட்ரோலை அள்ளி ஊற்றித்தான் தும்மலை மறைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் கார்கள் உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் பாடிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அது ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

இந்த வண்டியின் கோளாறு என்னவென்று அறிகுறியே சொல்லிவிட்டது. மெதுவாக மிதித்தால் சரி, சட்டென்று மிதித்தால் தும்மல் என்றால் முதல் சந்தேகம் ஆக்சிலேட்டர் பம்ப் மேல்தான் வர வேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு படக்கென்று திறந்ததும் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, மெயின் ஜெட் வழியாக அதே வேகத்தில் வந்து சேராது. அந்த ஒரு நொடிப் பற்றாக்குறையை நிரப்பத்தான் பம்ப் தனியாக ஒரு பீய்ச்சு பெட்ரோலை விடுகிறது. பம்பின் உயிர் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் டயாபிரம் (சவ்வு). அது கிழிந்தால் மெயின் ஜெட்டை எவ்வளவு நோண்டினாலும் தும்மலை மறைக்கலாமே தவிர, கோளாறு தீராது. டயாபிரமும் கேஸ்கெட்டும் சேர்ந்த கிட் சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

சோதிப்பதற்குக் கார்புரேட்டரைக் கழற்றவே தேவையில்லை. இன்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மிதவை அறையில் பெட்ரோல் நிறைந்திருக்கும். ஏர் கிளீனர் மூடியைத் திறந்து, சோக் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்தபடி, த்ராட்டில் தட்டைத் திறக்கும் கையை விரலால் வேகமாகத் திருப்புங்கள். திருப்பிய அதே கணத்தில் மெல்லிய நாசிலிலிருந்து பெட்ரோல் ஒரே கோடாகப் பீய்ச்ச வேண்டும், கை கடைசி வரை போகும்வரை அறுபடக் கூடாது. சொட்டினாலோ, தாமதித்து வந்தாலோ, காற்றுக் குமிழி கலந்து வந்தாலோ டயாபிரம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் நாசில் அடைத்திருக்கும், அல்லது உள்ளே பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் செக் பால் என்ற குண்டு ஒட்டியிருக்கும். (பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பட்டறைகளில் நடப்பதைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.)

டயாபிரம் மாற்றும்போது கை நடுங்கவைப்பது மூடியின் ஸ்க்ரூக்கள்தான். கார்புரேட்டர் பாடி துத்தநாகக் கலவை வார்ப்பு. நம் உப்புக் காற்றில் வெள்ளைப் பொடி பூத்து ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், தலைக்குள் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தலை மழுங்கினால் வேலை இரட்டிப்பு. பழைய டயாபிரத்தை வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளைத்தால் ஊசித்துளை தெரியும். புதியதை வைத்த பிறகு பம்பின் கையை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்க்ரூக்களைக் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கி ஸ்ட்ரோக் குறையும். உள்ளே ஸ்பிரிங் இருக்கும், சில மாடலில் நாசிலுக்குக் கீழே கடுகளவு இரும்புக் குண்டும் இருக்கும். கீழே துணி விரிக்காமல் திறக்காதீர்கள்.

ஏன் இப்போது இந்த டயாபிரங்கள் வரிசையாகப் போகின்றன? வயது ஒரு காரணம், பெட்ரோல் இன்னொன்று. 2022ல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு 2025ல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். பெட்ரோல் ஹோஸும் மிதவை ஊசியின் நுனியும் இதே கதிதான். எரியத் தேவையான காற்று விகிதமும் மாறுகிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. 20 சதவீதக் கலப்புக்கு 13.5 பக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் ஸ்லோ ஸ்பீடு மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறப்பது நியாயம். அதைச் சாக்காக வைத்து ஜெட்டில் டிரில் விடுவது அயோக்கியத்தனம்.

தொண்டி, கீழக்கரை பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. ஆள் வளைகுடா நாட்டில் வேலையில், வண்டி மாதக்கணக்கில் போர்ட்டிகோவில். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி வைத்தால் அடியில் கோடு தெரியும். தெரிந்தால் டேங்கைக் காலி செய்யாமல் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம். மிதவை அறையில் ஆவியாகிப்போன பெட்ரோல் விட்ட பசை ஜெட்டை அடைத்திருக்கும். அதைக் கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் கொண்டு எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்துகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பம்ப் நன்றாகப் பீய்ச்சியும் பிக்கப் இல்லையா? ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் தட்டு முழுதாகச் செங்குத்தாகிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் கேபிள் உறைக்குள் உப்பு ஏறி முக்கால் தூரத்திலேயே நின்றுவிடும். பெடலுக்கு அடியில் சுருண்ட மேட்டும் இதே வேலையைச் செய்யும். அடுத்து, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் வாக்யூம் குழாயை உருவி வாயால் உறிஞ்சினால் உள்தட்டு நகர்ந்து, விரலால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த டயாபிரம் போய்விட்டது. பாதி மிதியில் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்னேறாது. கார்புரேட்டர் கோளாறு என்று பில் போடுவதில் நிறைய இங்கேதான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள் முனைகளில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு தெரியும், அதையும் துடைத்துவிடுங்கள். கார்புரேட்டர் அடியில் காற்று கசிகிறதா என்று பார்க்கப் பெட்ரோல் தெளிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சூடான மேனிஃபோல்டு மேல் அது தீ வைக்கும் வேலை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாலே கசியும் இடத்தில் ஸ்லோ ஸ்பீடு மாறும். இவ்வளவும் சரி, இன்னும் இழுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் எடுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள அழுத்தத்தை அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரச்சினை இன்ஜினுக்குள், கார்புரேட்டரில் இல்லை.

வண்டியை விடுவதற்கு முன் கார்புரேட்டரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். முத்திரையும் வார்ப்பு எண்ணும் தெளிவாக விழட்டும். பாடியில் யாரும் கவனிக்காத இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். "கழற்றும் பாகம் எதுவானாலும் திருப்பித் தர வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

உச்சிப்புளிக்காரரிடம் இருப்பது கடைப் பெயர் கூட இல்லாத வெள்ளைத் தாள் சீட்டு, அதில் "கார்புரேட்டர் வேலை" என்று ஒரே வரி. அதை வைத்து எதையும் நிரூபிப்பது கஷ்டம். முறையான ரசீதும் போட்டோவும் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.