குளிர்மலையில் முதுகுப்பை சுமப்பவருக்கு வலை பனியன்: ஒரு மதிப்பீடு

பனிக்கால மலையேற்றத்தில் உடலை நனைப்பது பெரும்பாலும் பனியல்ல, வியர்வைதான். உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்தையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சாங்க்ரி கிராமத்திலிருந்து பைன், ஓக் மரக் காடுகளின் ஊடாக ஜூடா கா தாலாப் ஏரியை நோக்கி ஏறும் நாட்களில் வானம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். தோளில் விழும் பனியும் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆனாலும் பத்துக் கிலோ முதுகுப்பையுடன் ஏறுபவரின் முதுகு அரை மணி நேரத்தில் நனைந்துவிடுகிறது. நடக்கும்வரை அது தெரிவதில்லை. தேநீருக்காகப் பையை இறக்கி வைத்தவுடன்தான், ஈரத்துணி முதுகோடு ஒட்டிக்கொள்ள, பற்கள் தந்தியடிக்கத் தொடங்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதே இதற்குக் காரணம்.

இந்தச் சிக்கலுக்காக நான் வாங்கிப் பயன்படுத்திவருவது, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னப்பட்ட, உடம்பெங்கும் பெரிய கண்கள் கொண்ட முழுக்கை வலை பனியன். நம் ஊர்ப் பெரியவர்கள் கோடைக்கு அணியும் ஓட்டை பனியனின் உடன்பிறப்பு என்றே இதைச் சொல்லலாம். வீட்டில் இதைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருந்ததில்லை. ஆனால் இதன் வரலாறு குளிர்நாட்டுக்குரியது. 1930களில் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் மீன்பிடி வலையைக் கொண்டு இத்தகைய உள்ளாடையை உருவாக்கினார். 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவினரின் ஆடைகளிலும் வலை பனியன் இடம்பெற்றிருந்தது.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. வலையின் கண்களில் தங்கும் காற்று, மேலே ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி) சட்டை மூடியிருக்கும்வரை உடற்சூட்டைக் காக்கிறது. ஏற்றத்தில் உடல் சூடேறும்போது மேற்சட்டையின் ஜிப்பைக் கழுத்திலிருந்து நெஞ்சுவரை இறக்கிவிட்டால், அந்தக் காற்று நீராவியோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சும் வியர்வையையும் இந்த இழை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. அது மேலுள்ள துணிக்குப் போய்விடுகிறது. அந்தத் துணி நனைந்திருந்தாலும், இடையில் வலையின் கனம் இருப்பதால் தோலைத் தொடுவதில்லை. பருத்தி பனியன் இதற்கு நேர் எதிர்: குடித்த நீரை விடாது. குளிர்மலைக்கு அதை எடுத்துச்செல்லவே கூடாது.

உண்மையான சோதனை முதுகில்தான், ஏனெனில் அங்கே பை அழுத்துவதால் காற்றுக்கு இடமே குறைவு. பையின் முதுகுத் திண்டு ஃபிளீஸை வலைக் கண்களுக்குள் அமுக்கிவிடுகிறது. ஆகவே முதுகு முற்றிலும் உலர்ந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறுபாடு பையை இறக்கிய பிறகு தெரிகிறது. ஃபிளீஸின் முதுகுப்புறத்தில் ஈரம் பொடிப்பனியாக உறைந்து, கையால் தேய்த்தால் உதிர்ந்தது. அதற்கு அடியில் பனியனுக்குள் விரலை விட்டுப் பார்த்தபோது, தோல் சற்றுப் பிசுபிசுத்ததே தவிர ஒட்டும் ஈரம் இல்லை. தேநீர் முடிவதற்குள் அதுவும் காய்ந்துவிட்டது. சாதாரணப் பாலியெஸ்டர் உள்சட்டை இந்த அளவுக்கு விரைவாகக் காய்ந்து நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது தோள்பட்டை. பையின் வார் அழுத்தும் இடத்தில் வலை தோலில் பதிந்து, மாலையில் பார்த்தால் தோளில் சதுரம் சதுரமாகச் சிவந்திருக்கும். தோளில் மட்டும் நெருக்கமான துணி வைத்துத் தைத்த வகையும் கிடைக்கிறது. பை சுமப்பவர்கள் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது நாற்றம்: பாலிப்ரொப்பிலீன் ஒரே நாளில் வாடை பிடித்துவிடுகிறது, கூடாரத் தோழர்கள் பொறுமைசாலிகளாக இருந்தால் நல்லது. மேலும் அது குறைந்த சூட்டிலேயே உருகும் பிளாஸ்டிக் என்பதால், தங்குமிடத்து விறகடுப்பின் அருகே காயப்போடக் கூடாது. மெரினோ கம்பளியில் பின்னிய வலை பனியன் வாடையைத் தாங்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்வாங்கியும் நனைந்ததுபோல் தோன்றாது. ஆனால் முழுதும் நனைந்தால் காய நேரமாகும், விலையும் கூடுதல். பல நாள் நடைக்குக் கம்பளி, ஓரிரு நாள் கடும் ஏற்றத்துக்குப் பாலிப்ரொப்பிலீன் என்பது என் தேர்வு.

இதன் மேல் எதை அணிகிறோம் என்பதும் முக்கியம். நீர்புகா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால், என்னதான் ஆவியை வெளிவிடும் சவ்வு உள்ளே இருந்தாலும், கடுங்குளிரில் அந்த ஆவி ஜாக்கெட்டின் உட்புறத்திலேயே உறைந்துபோகும். பனியனுக்குச் செலவழித்த பணம் வீண். ஈரமில்லாத பொடிப்பனியில் ஏறும்போது மெல்லிய ஃபிளீஸும் காற்றைத் தடுக்கும் லேசான மேற்சட்டையும் போதும். தடித்த ஜாக்கெட், நிற்கும்போது உடனே எடுத்துப் போட்டுக்கொள்ள வசதியாகப் பையின் மேற்பகுதியில் இருக்கட்டும்.

அளவு விஷயத்தில் தாராளம் வேண்டாம். உடலோடு ஒட்டாத வலையில் காற்று தங்காது. சாங்க்ரியில் காலணி, கெய்ட்டர் (காலணிக்குள் பனி புகாமல் காலில் கட்டும் உறை), ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளாடையை ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும் என்பதால், முன்கூட்டியே வாங்கி, நிரப்பிய பையோடு மொட்டைமாடிப் படிகளில் ஏறி இறங்கி, தோள் வார் உறுத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.