கேம் திரையில் சரி, மெஷினில் தப்பு: மில்-டர்ன் போஸ்டுடன் சில வருஷங்கள்

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ பேட்டையில் ஒரு மில்-டர்ன் ஓட்டுகிறோம்; லேத் வேலையும் மில்லிங்கும் ஒரே மெஷினில் நடக்கும். டூல் தலையைச் சாய்க்கும் பி அச்சு, ஒய் அச்சு, இரண்டாவதாகப் பீஸைப் பிடிக்கும் சப் ஸ்பிண்டில் எல்லாம் உண்டு, மெஷினை நடத்தும் கன்ட்ரோல் ஃபானுக். வால்வு பாடி, சின்ன இம்பெல்லர் மாதிரி ஜாப்கள்தான் அதிகம். மெஷின் மேல் எனக்குக் குறையில்லை. கம்ப்யூட்டரில் டூல் போகவேண்டிய பாதையை வகுக்கும் கேம் மென்பொருளும் டூல்பாத்தை நன்றாகத்தான் போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று, அந்தப் பாதையை மெஷினுக்குப் புரியும் ஜி-கோடாக மாற்றும் போஸ்ட் ப்ராசஸர்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த போஸ்ட், மில்லிங் மெஷினுக்கு எழுதியதை ஒட்டித் திருத்தியது. ஃபீடுக்கு, அதாவது டூல் நகரும் வேகத்துக்கு, ஜி94 போட்டுக்கொண்டே வந்தது. மில்லில் அதற்கு நிமிஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அர்த்தம். ஃபானுக் லேத் கன்ட்ரோல் 'சிஸ்டம் ஏ' என்ற ஜி-கோடு வகையில் இருந்தால் ஜி94 ஃபேசிங் சைக்கிள், ஜி90 டர்னிங் சைக்கிள்; ஒரே வரியில் டூல் வெட்டித் திரும்பி வரும் கட்டளைகள் இவை. நிமிஷ ஃபீடுக்கு அங்கே ஜி98, சுற்று ஃபீடுக்கு ஜி99. சாதாரண நகர்வு என்று நினைத்துக் கொடுக்கும் எக்ஸ், இசட்டை மெஷின் சைக்கிளாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். பீஸைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில் டூல் நிற்கும்போது இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. கன்ட்ரோலின் அமைப்பு எண்களில் பாராமீட்டர் 3401-ஐத் திறந்தால் எந்த சிஸ்டம் என்று தெரிந்துவிடும். எந்தப் புதுப் போஸ்ட் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது சி அச்சு, அதாவது ஸ்பிண்டிலை டிகிரி கணக்கில் திருப்பும் அச்சு. பீஸ் மாட்டாமல் ஏர் கட் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் தம்பி கூப்பிட்டான்: "அண்ணே, சி சுத்தி வளைச்சுப் போகுது, பாருங்க." ஒரு திசையில் காண்டூர் சுத்தமாக ஓடியது. எதிர்த் திசையில் சி1.0-லிருந்து சி359.0-க்குப் போகும் இடத்தில் 2 டிகிரி திரும்புவதற்குப் பதிலாக 358 டிகிரி சுற்றியது. பீஸ் மாட்டியிருந்தால் அதைச் சுற்றிலும் கட்டர் உழுதிருக்கும். கேம் சிமுலேஷனில் இது தெரியவே தெரியாது. பெரும்பாலும் அது காட்டுவது போஸ்டுக்கு முந்தைய பாதையைத்தான், வெளியே வரும் ஜி-கோடை அல்ல.

காரணம் பாராமீட்டர் 1008. அதன் ஒரு பிட், சி குறுக்கு வழியில் போகவேண்டுமா, எண்ணின் குறியைப் பார்த்துத் திரும்பவேண்டுமா என்று முடிவு செய்கிறது. எங்கள் மெஷினில் குறிப்படி. அப்படியென்றால் மைனஸ் பக்கம் போக சி-359.0 என்று வரவேண்டும். பாராமீட்டரை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ப்ரோக்ராம்கள் கெட்டுவிடும் என்பதால் போஸ்டைத்தான் திருத்தினோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

முகத்தில் நடுமையத்தை ஒட்டி மில் செய்யும்போது வரும் திக்கலுக்குப் போஸ்டைக் குறை சொல்ல முடியாது. ஃபீடு நிமிஷத்துக்கு 300 மி.மீ. என்று வையுங்கள். ஆரம் 10 மி.மீ. இருக்கும்போது சி நிமிஷத்துக்கு ஐந்து சுற்றுகூடப் போகாது. அதே ஃபீடு, ஆரம் 0.5 மி.மீ. என்றால் 95 சுற்றைத் தாண்ட வேண்டும். எக்ஸையும் சி-யையும் சேர்த்து ஓட்டும் ஜி12.1 போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. மையத்தைத் தொடும் பாக்கெட் என்றால் சி-யைப் பூட்டிவிட்டு எக்ஸ்-ஒய்யில் ஓட்டுவதுதான் வழி. ஒய் அச்சுக்குக் கொடுத்த காசு இங்கேதான் திரும்பி வருகிறது.

அப்புறம், நம்மூர் வெயில். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11, 12 மைக்ரான் நீளும். பி அச்சின் மையத்திலிருந்து டூல் நுனி வரை 300 மி.மீ. இருந்து, வெப்பம் 10 டிகிரி ஏறினால் 0.035 மி.மீ. போய்விடும். பி 0-லும் 90-லும் வெட்டிய முகங்கள் சந்திக்கும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் மேடுபள்ளம் விழும். டூல்பாத்தை நோண்டுவதற்கு முன்னால் டெஸ்ட் பார் மாட்டி, இரண்டு நிலையிலும் டயல் வைத்துப் பாருங்கள். சித்திரையில் இதை மெஷின் சூடேறிய பிறகு செய்யவேண்டும். காலையில் எடுத்த அளவு மத்தியானத்துக்கு உதவாது.

புதிதாக வாங்குபவர்கள் போஸ்டைத் திறந்து திருத்தும்படி தரச்சொல்லிக் கேளுங்கள். பூட்டிய போஸ்ட் என்றால் ஒரு வரி மாற்றவும் விற்றவர்கள் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். எங்களுக்குத் திறந்த போஸ்டை வாங்கவே பெரிய போராட்டம். ஆனால் கைக்கு வந்தபின் வெளியாளைக் கூப்பிடவேண்டி வரவில்லை.