எஃப் கார்டும் நானும்: இரண்டு வருட அனுபவம்

4,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய அக்கூஸ்டிக் கிதார். இந்த மாதத்தோடு இரண்டு வருடம். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் கிதாரைப் புகழ்ந்து, என் விரல்களைத் திட்டியிருப்பேன். இப்போது கதை வேறு.

இ மைனர் கார்டு (சில ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடி) அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. ஐந்தாவது, நான்காவது கம்பிகளை இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அமுக்கினால் போதும். சி மேஜருக்குப் பத்து நாள். ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியில் நிற்காமல் சாய்ந்து, முதல் கம்பியில் உரசும். 'டிங்' வரவேண்டிய இடத்தில் 'டொக்'. நகத்தை ஒட்ட வெட்டி, விரலை நுனியில் நிறுத்தி, ஃப்ரெட்டுக்குப் பக்கத்திலேயே அமுக்கிய பிறகுதான் சரியானது. ஒரு மாதத்தில் நுனி காய்த்துப்போய் வலியும் நின்றது. (நல்லவேளை, காய்ப்பது இடது கை. சோறு பிசையும் கைக்கு ஆபத்தில்லை.)

அப்புறம் எஃப். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் அமுக்க வேண்டும். நாலு மாதம் போராடியும் இரண்டு கம்பி ஊமையாகவே இருந்தது. கட்டை விரலின் அடிப்பக்கச் சதை வலித்ததுதான் மிச்சம். விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பழைய கம்பியை மாற்றப் போன இடத்தில், கிதார் சரிசெய்யும் அண்ணன் முதல் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டிக் கொடுத்தார். "அதே பிடியை இப்ப ரெண்டாவதுல பிடிங்க தம்பி." பிடித்தேன். ஆறு கம்பியும் பேசியது!

"விரல்ல ஒண்ணும் இல்ல, நட்லதான் கோளாறு" என்றார். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் அந்தத் துண்டில் பள்ளம் போதாமல், கம்பிகள் உயரமாக நின்றிருக்கின்றன. முதல் ஃப்ரெட்டில்தான் அதன் கொடுமை அதிகம்; கேப்போ மாட்டினால் அந்த உயரம் கணக்கில் வராது. பள்ளத்தை அராவினார், மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் சேடிலையும் தேய்த்தார். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் இருந்த கம்பி உயரம் இரண்டரைக்கு வந்தது. 12 கேஜ் (தடிமன்) கம்பிக்குப் பதில் 10. எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அடுத்த வாரமே எஃப் வந்தது.

மெல்லிய கம்பியில் சத்தம் கொஞ்சம் சன்னம்தான். பழைய கனம் இல்லை. சென்னைப் புழுக்கத்தில் மூன்று மாதத்துக்குள் துருவும் ஏறிவிடுகிறது. கிதாருக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த 900 ரூபாய் வேலைக்கு ஐந்தும்.

இப்போது சியிலிருந்து எஃபுக்குத் தாவும்போது, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டினால் தடுமாற்றமில்லை. 90 வைத்தால் சுண்டுவிரல் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.