காற்றுப் போனாலும் ஓடும் டயர்: பழைய எஸ்யூவியில் அதற்கு என்ன மதிப்பு?

மூன்று டயரில் 3318, நான்காவதில் 1021. மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த 2016 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்3-ஐக் குனிந்து ஒரு சுற்று சுற்றியபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2018-இன் 33-வது வாரத்தில் பிறந்த மூன்று பேருக்கு நடுவில் 2021-இல் பிறந்த ஒருவர். அப்படியானால் கூடப் பிறந்த நான்காமவர் எங்கோ வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"டயர்தானே மச்சான், மாத்திக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. வியாபாரி அதற்கும் மேலே போனார். "சார், இது ரன்-ஃபிளாட். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் போகும். ஸ்டெப்னியே வேண்டாம், டிக்கி பூரா உங்களுக்குத்தான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வண்டி புதிதாக இருந்தபோது உண்மையாக இருந்த எல்லாமே ஆறேழு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரன்-ஃபிளாட் என்பது பக்கச் சுவரைத் தடிமனாக, விறைப்பாகச் செய்த டயர். சாதா டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது காற்று. இதில் காற்று போய்விட்டால் அந்தச் சுவரே தூண் மாதிரி நின்று தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் என்பது பொதுவான கணக்கு. வண்டி நிறைய ஆளும் மூட்டையும் இருந்தால் அதுவும் குறையும். பிரிட்ஜ்ஸ்டோன் இதன்மேல் ஆர்எஃப்டி என்று அச்சிடும், மிஷலின் இசட்பி என்று, கான்டினென்டல் எஸ்எஸ்ஆர் என்று, குட்இயர் ஆர்ஓஎஃப் என்று. இவற்றில் ஒன்று இருந்தால் ரன்-ஃபிளாட். பிஎம்டபிள்யூவுக்கென்றே அங்கீகரித்த டயரில் சின்ன நட்சத்திரம் ஒன்றும் இருக்கும். நட்சத்திரம் மட்டும் இருந்தால் அது ரன்-ஃபிளாட் என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

80 என்ற அந்த எண்ணைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை இருப்பது தாம்பரத்தில். மாதம் ஒருமுறை காரைக்குடிப் பக்கம் சொந்த ஊர். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே சுமார் 160 கிலோமீட்டர். நடுவில் எங்கே காற்றுப் போனாலும் ஏதாவது ஒரு முனை 80-க்குள் வந்துவிடுகிறது. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன கிடைக்கும்? இந்த எக்ஸ்3-க்கு வேண்டியது 245/50 ஆர்18, அதுவும் ரன்-ஃபிளாட். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பெரிய டயர் கடைகளில் ஒரு போன் போட்டால் வந்துவிடும். பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அளவு கடையில் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நம்பி நான் கிளம்ப மாட்டேன். 80 கிலோமீட்டர் ஓடி வந்த டயரை ஒட்டிக்கொண்டும் போக முடியாது. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டைப் பழுது பார்க்காதீர்கள் என்பதுதான் டயர் கம்பெனிகளின் பொதுவான அறிவுரை. ஆக, நடுரோட்டில் நிற்க வேண்டிய வண்டி லாட்ஜ் வாசலில் நிற்கும்.

இதனால்தான் ரன்-ஃபிளாட்டை நான் ஊருக்குள் ஓட்டும் டயர் என்பேன். விற்பவர்கள் நெடுஞ்சாலையைக் காட்டித்தான் இதை விற்கிறார்கள். பலன் என்னவோ நகரத்தில்தான். இரவு பதினொன்றுக்கு ஓஎம்ஆரில் வேலை முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு, ஆணி குத்திய பிறகும் நிற்காமல் வீடு வந்து சேரலாம் என்பது சாதாரண விஷயமே இல்லை. மறுநாள் காலை டயர் கடையும் பக்கத்திலேயே இருக்கும். நெடுஞ்சாலையிலும், இருட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போகும் ஓரத்தில் ஜாக்கி போட்டு உட்கார வேண்டியதில்லை. அந்த ஓரத்தில் டயர் மாற்றியவர்களுக்குத் தெரியும், பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து அதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே ரன்-ஃபிளாட்டை விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்குச் சண்டை, பழைய ரன்-ஃபிளாட்டோடுதான்.

சாதா டயர் காற்றில்லாமல் ஓடினால் கொஞ்ச தூரத்திலேயே கிழிந்து ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். ரன்-ஃபிளாட் காட்டாது. உள்சுவர் வெந்து, நொந்து, ரப்பர் தூளாக உதிர்ந்திருக்கும். வெளியே கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். மறுபடி காற்றடித்து, டயர் பாலிஷ் பூசி நிறுத்திவிட்டால், வாங்குகிறவர் வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. நான்கையும் கழற்றச் சொன்னால் எந்த வியாபாரியும் சம்மதிக்க மாட்டார். எங்கள் வியாபாரி ஒன்றை மட்டும் கழற்ற ஒத்துக்கொண்டார், கூலி எங்கள் கையிலிருந்து. பின்பக்க இடது டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் மெக்கானிக் உள்ளே கையை விட்டுத் துழாவினார். விரல் முழுக்கக் கரித்தூள். வளைவில் சுற்றிலும் ஒரு மடிப்புக் கோடு. "இது ஒருதடவை காத்து இல்லாம ஓடியிருக்குண்ணே" என்றார். டிரெட், அதாவது தரையில் உரசும் வரிப்பள்ளம், என்னவோ பாதிக்கு மேல் இருந்தது.

அன்றிலிருந்து என் கணக்கு எளிது. பழைய வண்டியில் இருக்கும் ரன்-ஃபிளாட்டுக்கு மதிப்பு பூஜ்யம். புது டயர் நான்கின் விலையை முழுதாகக் கழித்துக்கொண்டுதான் பேரத்தையே தொடங்க வேண்டும்.

நான்கு என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. எக்ஸ்3-இல் எக்ஸ்டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை. முன்னும் பின்னும் டயர்களின் தேய்மானம் அதிகம் வேறுபட்டால் சுற்றளவு மாறும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்க நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தை ஓயாமல் சமாளித்துத் தானும் தேயும். அதற்குச் செலவு செய்வதைவிட நான்கு டயர் மலிவு. மூன்று பழசு, ஒன்று புதுசு என்று யாரோ ஓட்டிய வண்டியில் நிதானமாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மெதுவாக வளைத்து, குலுக்கல் ஏதும் வருகிறதா என்று பார்ப்பது அவசியம். நாங்கள் பார்த்தோம், வரவில்லை. அது அந்த வண்டியின் அதிர்ஷ்டம்.

சரி, நான்கையும் மாற்றத்தான் வேண்டும் என்றால், எதற்கு மாற்றுவது?

மறுபடி ரன்-ஃபிளாட்டே போடலாம். அதே அளவில் சாதா டயரைவிட விலை நன்றாகவே கூடுதல், கடைகளில் வகை குறைவு, ஒவ்வொன்றும் ஓரிரு கிலோ கூடுதல் கனம். விறைப்பான சுவர் என்பதால் பள்ளத்தில் விழும் அடியை டயர் வாங்காமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் அனுப்பிவிடும். நம் ஊரில் வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போடுவது கட்டாயம் இல்லை என்று யாரோ சொல்லிவைத்தது போல இருக்கும் சாலைகளில், பின்சீட்டில் உட்காரும் மாமியாரின் முதுகு இதற்குச் சாட்சி சொல்லும். இன்னொன்று, இதைக் கழற்றி மாட்ட உதவிக்கை வைத்த மெஷின் வேண்டும். லிவரைக் கொடுத்து நெம்பும் சாலையோரக் கடையில் டயரின் விளிம்பும் ரிம்மும் சேர்ந்து போகும்.

சாதா டியூப்லெஸ் போட்டு, பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரசரும் வைத்துக்கொள்ளலாம். செலவு குறைந்த வழி இதுதான். வண்டி ஓடும் விதமும் மாறும். ஒரே நாளில் அடுத்த ரக வண்டிக்கு மாறியது போல மெத்தென்று இருக்கும். வளைவில் ஸ்டியரிங் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும். டியூப்லெஸ் டயர், பழுதுபார்க்கும் கிட், காற்றழுத்தக் கண்காணிப்பு மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் வரலாம் என்று மத்திய அரசு 2020-இல் விதியைத் திருத்திவிட்டது. ஆணி குத்தினால் கிட் போதும். கிட்டில் ஓட்டையை அடைக்க வரும் பசை பக்கச் சுவர்க் கிழிசலுக்கு ஆகாது, அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. பாட்டிலைப் பார்க்காமல் பத்து வருடம் டிக்கியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுச் சாலையில் ஆணியைவிட நான் பயப்படுவது உடைந்த தார் விளிம்புக்கும், மழைத் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழிக்கும்தான். பக்கச் சுவர் கிழிந்தால் கிட்டை வைத்துக்கொண்டு கையைப் பிசையலாம். அந்த மாதிரிப் பெரிய கிழிசலில் ரன்-ஃபிளாட்டையும் நம்ப முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, சாதா டயரோடு டிக்கியில் ஒல்லி ஸ்டெப்னி. இதிலும் 80-தான் வேக எல்லை. ஆனால் தேவைப்பட்டால் காரைக்குடி வரை உருட்டிக்கொண்டு போய், திங்கட்கிழமை நிதானமாக டயர் தேடலாம். ஆனால் ஏதோ ஒரு சக்கரத்தை வாங்கி வந்தால் பொருந்திவிடாது. அந்தத் தலைமுறை எக்ஸ்3-க்கு ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டம் 120 மில்லிமீட்டர், நடுத்துளை 72.6. அடுத்த தலைமுறையில் வட்டம் 112 ஆகிவிட்டது. "எல்லா பிஎம்டபிள்யூவுக்கும் ஒண்ணுதான் சார்" என்பவரிடம் வாங்காதீர்கள். உயரமும் ஒத்துவர வேண்டும். 18 அங்குல ரிம் 457 மில்லிமீட்டர், மேலும் கீழும் சுவர் 122.5 வீதம் சேர்த்தால் மொத்தம் 702. ஸ்டெப்னியின் விட்டம் இதை ஒட்டி இருந்தால்தான் அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் சும்மா இருக்கும். முன்சக்கரத்தில் பிரேக் காலிப்பரை உரசாமல் சுற்றுகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருதடவை மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டெப்னியே இல்லாமல் வந்த வண்டியில் ஜாக்கியும் இருக்காது, வீல் ஸ்பேனரும் இருக்காது. இரண்டையும் வாங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் வீல் லாக்கின் சாவி. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட்டைத் திருட்டுக்குப் பயந்து தனிச்சாவியில் பூட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று கை மாறிய வண்டியில் முதலில் தொலைவது அதுதான். ரன்-ஃபிளாட் ஓட்டிய ஆளுக்கு அது தேவையே பட்டிருக்காது என்பதால் தொலைந்ததும் தெரிந்திருக்காது. எங்கள் வியாபாரி இருபது நிமிடம் தேடி, கடைசியில் கையுறைப் பெட்டியில் பழைய பெட்ரோல் பில்லுக்கு அடியில் எடுத்தார்.

எது போட்டாலும் அளவும், எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் சுமைக் குறியீடும் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. ரன்-ஃபிளாட் இரண்டு, சாதா இரண்டு என்று கலக்கவும் கூடாது. இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு வேண்டாம்: தனியாக டயர் கவர் எடுக்காவிட்டால், டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது. வண்டியோடு சேர்ந்து அடிபட்டாலும் பாதிதான்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் நான்காவது வழி, வண்டியையே மாற்றுவது. அதே பணத்தில் பழைய ஃபோர்டு எண்டவர் பார்க்கலாம். மறைமலை நகரில் செய்த வண்டி. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தும் அதற்கு ஆள் குறையவில்லை. டொயோட்டா ஃபார்ச்சூனரும் இந்த வரிசைதான். இரண்டிலும் முழு அளவு ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும். சேற்றில் ஊறிக் கிடக்கும் அதை இறக்குவதற்குள் சட்டை போய்விடும், அதில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் அது முழு டயர். உயரச் சுவர், எந்த ஊர் பஞ்சர் கடையும் கைவைக்கப் பயப்படாது. மாப்பிள்ளை ஒன்றை ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "லாரி மாதிரி இருக்கு மச்சான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் டயரைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை. எக்ஸ்3-இன் ஸ்டியரிங்கைப் பிடித்த கை அது.

என் தேர்வு மூன்றாவதுதான். அவருக்கு ஓட்டத்தில் பாதி நெடுஞ்சாலை, இரவுப் பயணம் குறைவு, சக்கரம் மாற்றத் தெரியும். அவருக்குப் பதில் என் தங்கை தனியாக ஓட்டுவதாக இருந்தால், ஓட்டம் சென்னைக்குள்ளேயே முடிவதாக இருந்தால், முதலாவதைத்தான் சொல்லியிருப்பேன், விலையைப் பார்க்காமல்.

வியாபாரியிடம் கரித்தூள் படிந்த அந்த டயரின் படத்தைக் காட்டினோம். நான்கு சாதா டயர், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றின் விலையையும் தாளில் எழுதிக் கூட்டி அவர்முன் வைத்தோம். முழுதாக இறங்கவில்லை, முக்கால்வாசி இறங்கினார். வண்டி வீட்டுக்கு வந்தது.

முதல் ஊர்ப் பயணம் முடிந்து தங்கை போன் செய்தாள். டயர் எப்படி, முதுகு எப்படி என்று கேட்க நினைத்தேன். அவள் கேட்டது வேறு: "அண்ணா, டிக்கியில அந்தச் சக்கரம் பாதி இடத்தை அடைச்சுட்டு நிக்குது. அரிசி மூட்டையை நான் மடியிலயா வெச்சுட்டு வர்றது?"