தமிழில் ஓர் இணைய முகவரி: .இந்தியா வாங்கலாமா?

முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை தமிழிலேயே தட்டும்படி ஓர் இணைய முகவரி வேண்டும் என்பவர்களுக்கு, .காம் போல முகவரியின் கடைசியில் வரும் .இந்தியா என்ற பின்னொட்டு நல்ல சேவை. பிரவுசரில் திறக்கிறது, பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கிறது, கூகுள் தேடலிலும் வருகிறது. மின்னஞ்சலில்தான் திணறுகிறது. ஆன்லைன் படிவங்களில் இன்னும் மோசம். அதனால் கையில் இருக்கும் ஆங்கில எழுத்து முகவரியை விட்டுவிட்டு இதற்கு மாறாதீர்கள். அதை வைத்துக்கொண்டு இதையும் வாங்குங்கள். வாங்கியவர்களில் பலர் கோட்டை விடுவது பெயர் வைப்பதில். கேட்க அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேட்டவர் அதை எப்படித் தட்டுவார் என்று பார்ப்பதில்லை. இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

பின்னணி சுருக்கமாக. நாடுகள் தங்கள் எழுத்திலேயே பின்னொட்டு வைத்துக்கொள்ள, உலக இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2009 நவம்பரில் வழி திறந்தது. தமிழில் முதலில் வந்தது .இலங்கை, 2010இல். அடுத்த ஆண்டு .இந்தியாவும் .சிங்கப்பூரும் வந்தன. .இந்தியாவை நடத்துவது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அதனிடம் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்ப் பெயரை வைத்து .காம் வாங்கவும் முடியும். அது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. ஆனால் பெயரைத் தமிழில் தட்டி, புள்ளி வைத்து, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி மீதியைத் தட்ட வேண்டும். கைபேசியில் இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேர் அலுத்துப்போய்த் தேடல் பெட்டிக்குப் போய்விடுவார்கள். தமிழ் முகவரிதான் வேண்டுமென்றால் பின்னொட்டும் தமிழில் இருப்பதே சரி.

பெயர் வைப்பதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்தின் பெயர் அட்டவணைக்கு ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவை மட்டுமே தெரியும். எனவே தமிழில் தட்டியதைப் பிரவுசர் ப்யூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றி அனுப்புகிறது. அந்தச் சரம் எக்ஸ், என், பிறகு இரண்டு கோடு என்று தொடங்கும். ‘இந்தியா’ என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் முறையில் அது இ, ந, புள்ளி, த, இகரக் குறி, ய, கால் என்று 7 குறியீடு. ப்யூனிகோடில் 17 எழுத்து. ‘சிங்கப்பூர்’ 11 குறியீடு, அதுவே 22 எழுத்தாகிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. இந்தக் கணக்கில் ஏறக்குறைய 30 குறியீடு வரை, அதாவது வாசிக்கும்போது 15, 16 எழுத்து வரை, கவலையில்லாமல் வைக்கலாம். ‘அருள்மிகு’ என்று தொடங்கி ஊர்ப் பெயர், அம்மன் பெயர், ‘திருக்கோயில்’ என்று எல்லாவற்றையும் ஒட்டினால் எல்லை தாண்டிவிடலாம். தாண்டாவிட்டாலும் யாரும் தட்டப் போவதில்லை.

இனி பெயர். முதல் கண்ணி, ஒரே மாதிரி தெரிந்து வேறாக இருக்கும் எழுத்துகள். ‘மலர்’ என்று ரகர மெய் போட்டு எழுதலாம். லகரத்துக்குப் பின் கால் போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்து ‘மலா்’ என்றும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளிலும் செய்தித்தளங்களிலும் இந்தப் பிழை நிறைய உண்டு. அங்கிருந்து பெயரை நகலெடுத்துப் பதிவுப் பெட்டியில் ஒட்டினால், ஒன்று பதிவு மறுக்கப்படும், அல்லது யாராலும் தட்ட முடியாத ஒரு முகவரி உங்கள் தலையில் கட்டப்படும். இதே கதைதான் ஔகாரத்திலும். ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியோடு தட்டுபவர்கள் சிலர். ‘கெ’ தட்டிப் பக்கத்தில் ளகரம் போட்டு ‘கெளரி’ என்று தட்டுபவர்கள் பலர். ‘ஔவை’, ‘ஒளவை’ இரண்டுக்கும் அதே நிலை. கணினிக்கு இவை வேறு வேறு பெயர்கள், எந்த மென்பொருளும் தானாகச் சேர்த்து வைக்காது. (‘கொ’, ‘கோ’ பற்றிக் கவலை வேண்டாம். கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்தாலும் அவற்றை ஒரே குறியீடாக்க யூனிகோடில் விதி இருக்கிறது.) ஆகவே ஔகாரம் உள்ள பெயரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கடைப் பெயர்களில் பாதி ‘ஸ்ரீ’யில் தொடங்குவதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஒற்றை வடிவத்தை இரண்டு வழியில் உண்டாக்கலாம். ஒன்று வழக்கமான ‘ஸ’வில் தொடங்குவது. மற்றது 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது. திரையில் இரண்டும் ‘ஸ்ரீ’ என்றே தெரியலாம். எது விழும் என்பது விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும். போதாக்குறைக்கு, 2003ஆம் ஆண்டின் பன்மொழிப் பெயர் விதிகள் (ஐடிஎன்ஏ) யூனிகோட் 3.2 பட்டியலோடு நின்றுபோனவை. அந்த விதிகளில் ஓடும் பழைய கருவிகளுக்கு ‘ஶ’ என்ற எழுத்தே தெரியாது. முகவரியில் ‘ஸ்ரீ’யை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வையுங்கள், பலகையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ் எண்களும் வேண்டாம். ‘௧’ ககரம் போலவும் ‘௮’ அகரம் போலவும் தெரியும்.

இரண்டாவது கண்ணி சந்தி. முகவரியில் இடைவெளி கிடையாது, சொற்களை ஒட்டித்தான் எழுத வேண்டும். ஒட்டினால் வல்லினம் மிகுமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. ‘சென்னைப்புத்தகம்’ என்று இலக்கணப்படி நீங்கள் வாங்குவீர்கள். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ‘சென்னைபுத்தகம்’ என்று தட்டுவார்கள். மெய்யெழுத்துக்குப் பின் உயிர் வந்தால் இன்னும் சிக்கல். ‘தமிழ்இணையம்’ என்று பிரித்துத் தட்டுபவரும் உண்டு, ‘தமிழிணையம்’ என்று சேர்த்துத் தட்டுபவரும் உண்டு. நடுவில் சிறு கோடு போட்டுத் தப்பிக்கலாமே என்று தோன்றும். விதி அதை அனுமதிக்கிறது; ஆனால் பல கைபேசி விசைப்பலகைகளில் கோடு இருப்பது இரண்டாம் பக்கத்தில், போனில் முகவரியைச் சொல்லும்போதும் அது விட்டுப்போகும். ஒற்றைச் சொல் பெயரே சிறந்தது. இரண்டு சொல் வேண்டுமென்றால் இரண்டாவது சொல் க, ச, த, பவில் தொடங்காமலும் உயிரெழுத்தில் தொடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மலர்மாலை’யில் குழப்பத்துக்கு இடமே இல்லை. சந்தி வரும் பெயர்தான் வேண்டும் என்றால் ஒற்று மிகுந்ததையும் மிகாததையும் சேர்த்து வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது, ஒரே சொல்லுக்கு வழக்கில் உள்ள இரண்டு எழுத்து. பழனி, பழநி. கோயில், கோவில். ஐயா, அய்யா. இராமன், ராமன். வாழ்த்துகள், வாழ்த்துக்கள். எது சரி என்ற வாதத்துக்கு இது இடமில்லை. இரண்டையும் மக்கள் தட்டுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஊர்ப் பெயரை வைக்கிறீர்கள் என்றால் அந்த ஊர்க்காரர்கள் பலகையில் எப்படி எழுதுகிறார்களோ அதை முதன்மையாக வையுங்கள். இதற்கெல்லாம் எளிய சோதனை ஒன்று உண்டு. வெவ்வேறு வயதில் பத்துப் பேரைப் பிடித்து, பெயரை எழுதிக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லி, அவரவர் கைபேசியில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஒலிபெயர்ப்பு விசைப்பலகை பரிந்துரைத்ததை அப்படியே தொட்டுவிட்டுப் போகிறவர்கள் இதில் நிச்சயம் இருப்பார்கள், அவர்கள்தான் முக்கியம். எட்டுப் பேராவது ஒரே எழுத்தில் அனுப்பினால் வாங்குங்கள்.

இந்தச் சிக்கல்களைப் பார்த்து, ஆங்கில எழுத்தே மேல் என்று நினைக்க வேண்டாம். ‘வாழை’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுத, நெடிலுக்கு ஒரு ஏயா இரண்டா, ழகரத்துக்கு எல் போடுவதா, இசட்-எச் போடுவதா என்று நான்கைந்து வடிவம் வரும். தமிழில் அதை எழுத ஒரே வழிதான். குறிலும் நெடிலும் ழகரமும் உள்ள எளிய தமிழ்ப் பெயர்களுக்குத் தமிழ் முகவரி உண்மையிலேயே உறுதியானது. பதிப்பகம், பள்ளி, நூலகம், அகராதித் தளம், ஊர்ச் சங்கம் ஆகியவற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும். தமிழ் தெரியாத வாடிக்கையாளரை நம்பி நடக்கும் தொழிலுக்கு வேண்டாம்.

பதிவு செய்வது கடினமில்லை. பெயரை நீங்களே புதிதாகத் தட்டுங்கள், ஒட்டாதீர்கள். வாட்ஸ்ஆப்பிலிருந்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் சேர்ந்து வரலாம். பிறகு ஒரு ப்யூனிகோட் மாற்றியில் இட்டு, வந்த சரத்தைத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘ஐடிஎன்2’ கட்டளை போதும். பைத்தானில் கூடவே வரும் ஐடிஎன்ஏ குறியாக்கம் 2003 விதிப்படி நடப்பது. தனியாக நிறுவும் ‘ஐடிஎன்ஏ’ தொகுப்புதான் புதிய 2008 விதிப்படி நடக்கும், அதையே பயன்படுத்துங்கள். அந்தச் சரத்தை ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள், இனி எல்லா இடத்திலும் அதுதான் தேவைப்படும். பதிவாளரின் தேடல் பெட்டி தமிழை ஏற்காவிட்டாலும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். விலையைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுச் சலுகையைப் பார்க்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள்.

ஹோஸ்டிங்கிலும் அதே சரம்தான். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளில் சர்வர் பெயர் என்ற இடத்தில் தமிழ் எழுத்தை இட்டால் தளம் திறக்காது. பிரவுசர் அனுப்புவது ப்யூனிகோட் வடிவம், அதனோடுதான் பொருந்த வேண்டும். அதே வகை மென்பொருளான அப்பாச்சியிலும் இதே விதி. பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2016 அக்டோபர் முதல் இத்தகைய பெயர்களுக்கு இலவசச் சான்றிதழ் தருகிறது. விண்ணப்பிக்கும்போது ப்யூனிகோட் வடிவத்தைக் கொடுங்கள். ஒரே தளத்துக்கு ஆங்கில முகவரியும் இருந்தால் இரண்டில் ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதை அதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பலாக அமையுங்கள். இரண்டிலும் ஒரே பக்கங்கள் தனித்தனியாகத் திறந்தால் தேடுபொறி எதைக் காட்டுவது என்று தெரியாமல் தடுமாறும்.

மின்னஞ்சல்தான் பலவீனமான இடம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அட் குறிக்கு வலப்பக்கம் மட்டும் தமிழ் என்றால், அதை ப்யூனிகோடாக மாற்றி எந்த அஞ்சல் சேவையகம் வழியாகவும் அனுப்பலாம். இடப்பக்கப் பெயரும் தமிழில் இருந்தால் அனுப்புபவர், பெறுபவர், இடையில் உள்ளவர் என எல்லாச் சேவையகங்களும் எஸ்எம்டிபி-யுடிஎஃப்8 என்ற நீட்சியை ஆதரிக்க வேண்டும். ஒன்று ஆதரிக்காவிட்டாலும் கடிதம் திரும்பிவிடும், மாற்று வழி கிடையாது. ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறிக்கொள்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளில் 3.0 பதிப்பு முதல் வசதி உண்டு. இருந்தும், ரசீது, வங்கி, அரசுப் படிவம் என்று முக்கியமான எதற்கும் தமிழ் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பல படிவங்கள் அட் குறிக்குப் பின் ஆங்கில எழுத்தை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்பட்டவை. ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நகராது.

இணைப்பைப் பகிரும்போதும் கவனம் தேவை. பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தால் பெரும்பாலும் புரியாத ஆங்கிலச் சரமே ஒட்டப்படும். அதைப் பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று நினைப்பது இயல்பு. கையால் தமிழில் தட்டி அனுப்புங்கள். முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்தால்தான் பல செயலிகள் அதை இணைப்பாக அடையாளம் காணும்.

கடைசியாகப் பலகையும் விளம்பரத் தாளும். பெயருக்கும் பின்னொட்டுக்கும் நடுவில் இருக்கும் புள்ளி, மெய்யெழுத்துப் புள்ளிகளோடு கலந்து காணாமல் போய்விடும். ‘மலர்.இந்தியா’ என்பதை அலங்கார எழுத்துருவில் அச்சிட்டால் அதைக் கடையின் பெயர் என்றே வாசிப்பார்கள். நடுப்புள்ளியை வேறு நிறத்தில், ஒரு மடங்கு பெரிதாகப் போடச் சொல்லுங்கள். முன்னால் ‘இணையத்தில்:’ என்று சேருங்கள். ஆங்கிலத்தில் மூன்று டபிள்யூ போட வேண்டாம், விசைப்பலகை மாற்றும் வேலை மறுபடி வந்துவிடும். ஆனால் யாராவது அதைத் தட்டினாலும் தளம் திறக்கும்படி டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர் அட்டவணையில்) பதிவு வைத்திருங்கள். பக்கத்தில் கியூஆர் குறி போடுவதானால் அதற்குள் ப்யூனிகோட் வடிவத்தையே இடுங்கள், எந்தக் கைபேசியின் ஸ்கேனரும் அதில் தடுமாறாது.