தலவாக்கலை ஏற்றத்தில் நிசான் லீஃப்

2022இல் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற அலுப்பே, தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குச் செல்லும் என்னை 24 கிலோவாட் மணி பற்றரி கொண்ட, பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் காருக்கு மாற்றியது. நானுஓயாவைத் தாண்டிய வளைவுகளில், முன்னே கொழுந்து லொறி ஊர்ந்து செல்லும்போதும், கியர் மாற்றும் தேவையின்றி அது இழுத்துச் செல்வது பழைய காரில் காணாத சுகம். ஏறத்தாழ 600 மீற்றர் உயரம் ஏறுவதற்கென்றே, ஒன்றரைத் தொன் எடையுள்ள இக்காருக்குச் சுமார் 2.5 கிலோவாட் மணி மின்சாரம் தேவைப்படுவதால், காலையில் திரை காட்டும் தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆயினும் மாலையில், மோட்டாரே காரைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் ‘பி’ (B) கியர் நிலையில் இறங்கினால், மோட்டார் மின்பிறப்பாக்கியாகி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதோடு, பிரேக் கருகும் வாடையும் எழுவதில்லை. பற்றரி நிறைந்திருக்கும்போது மட்டும் இந்தப் பிடிப்பு குறைந்துவிடும். மார்கழிக் குளிரில் ஹீற்றரைப் போட்டால் தூரம் மேலும் சுருங்கும் (கம்பளிச் சால்வையே மேல் என்பது என் மனைவியின் கட்சி). பாவித்த காரை வாங்குவோர் பளபளப்பைப் பாராமல், பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை எஞ்சியுள்ளன என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டில் இரவில் சார்ஜ் செய்ய வசதியில்லாதவர்களுக்கு இக்காரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.