விண்டோஸ் 10 கதை முடிஞ்சுது, அடுத்து என்ன? ஒரு அச்சாபீஸ் நாலு மெஷினை வெச்சு ஒரு அலசல்

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு சப்போர்ட், அதாவது மாசாமாசம் சும்மா வர்ற செக்யூரிட்டி அப்டேட், நின்னுச்சு, தீபாவளிக்கு சரியா ஆறு நாள் முன்னாடி. சிவகாசில அந்த நேரம் எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போட்டு ஆர்டர் எடுத்த காலண்டர் எல்லாம் அப்பதான் ஓடிட்டிருக்கும், கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற டிடிபி ரூம்ல கடைப்பேரையும் ஃபோன் நம்பரையும் மாத்தி மாத்தி பிளேட்டுக்கு அனுப்பிட்டே இருப்பாங்க, அந்த நேரம் பாத்து அச்சாபீஸ் முதலாளிகிட்ட போய் "அண்ணாச்சி, ஓஎஸ் மாத்தணும்"னு நின்னா என்ன சொல்லுவாரு, "பொங்கல் கழிச்சு வாங்க தம்பி"ன்னாரு. நானும் பொங்கல் கழிச்சுதான் போனேன்.

மொத்தம் நாலு மெஷின். கணக்கு எழுதுற டேலி ஓடுற பிராண்டட் மெஷின் ஒண்ணு, பத்தாவது ஜெனரேஷன் இன்டெல் ப்ராசஸர். டிசைன் சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர், கோரல் ரெண்டும் ஓடுற அசெம்பிள்டு டிடிபி மெஷின் ஒண்ணு, ஆறாவது ஜெனரேஷன் ஐ5. கஸ்டமர் பென் டிரைவும் வாட்ஸ்அப் வெப்பும் பாக்குற கவுன்ட்டர் மெஷின் ஒண்ணு, நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம். மூலைல ரொம்பப் பழைய கோர் 2 டுவோ மெஷின் ஒண்ணு, அதுல விண்டோஸ் 7, பழைய ஸ்கேனர் ஒண்ணுக்கு டிரைவர் அதுல மட்டும்தான் எடுக்குது, அதனால இன்னும் உயிரோட இருக்கு.

டிடிபி மெஷினை முதல்ல திறந்தேன். அப்டேட் பக்கம் போனா சுத்திட்டே இருக்கு, சர்வீசஸ்ல போய்ப் பாத்தா விண்டோஸ் அப்டேட் டிசேபிள்டு. விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல, "இதைச் சோதிக்காதே"ன்னு விடுற எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ல ஒரு ஃபோல்டர், திறந்தா உள்ள கேஎம்எஸ் ஆக்டிவேட்டர், காசு குடுக்காம விண்டோஸை ஆக்டிவேட் பண்ற கிராக் டூல். கடைசியா அப்டேட் ஏறுனது 2021 மார்ச்ல. "அப்டேட் போட்டா ஜெனுயின் இல்லன்னு வந்துரும்னு முன்னாடி வந்த பையன் ஆஃப் பண்ணிட்டுப் போனான்"ன்னாரு அண்ணாச்சி. நான் சொல்ல வந்த விஷயமே இதுதாங்க. நம்ம ஊர்ல அப்டேட் பிரச்சனைன்னு சொல்றதுல பாதி லைசன்ஸ் பயம்தான். ஓஎஸ் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பயம் கூடவே வந்துச்சுன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல.

அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்ல, அதையும் சொல்லணும். எக்ஸ்பி காலத்துல 2006ல ஜெனுயின் அட்வான்டேஜ்னு ஒண்ணு ஆட்டோமேட்டிக் அப்டேட் வழியாவே வந்து உக்காந்துச்சு, அப்புறம் விண்டோஸ் 7க்கு 2010ல அதே மாதிரி ஒரு அப்டேட், அது ஏறுனா வால்பேப்பர் கறுப்பாகி "ஜெனுயின் இல்ல"ன்னு மூலைல எழுத்து வரும். அப்ப மெக்கானிக் வேலை கத்துக்கிட்டவங்க எல்லாருக்கும் ஓஎஸ் போட்ட கையோட அப்டேட்டை ஆஃப் பண்றது பழக்கமாயிருச்சு, அதையே அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆனா விண்டோஸ் 10லயும் 11லயும் நிலைமை வேற. ஆக்டிவேட் பண்ணலன்னா வாட்டர்மார்க் வரும், வால்பேப்பர் தீம் மாத்த விடாது, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் மத்தவங்களுக்கு வர்ற மாதிரியே வரும். அதாவது கிராக் போட்டு அப்டேட்டை ஆஃப் பண்ணி வெச்சிருக்கிறதை விட, கிராக்கே போடாம வாட்டர்மார்க்கோட விட்டு வெச்சாக்கூட மெஷின் பத்திரமா இருக்கும். லைசன்ஸ்படி ரெண்டுமே தப்புதான், அதுல மாத்துக் கருத்து இல்ல, ஆனா ஒண்ணுல ஓட்டை அடைபடுது, இன்னொண்ணுல கதவைத் திறந்து வெச்சுட்டு தூங்குறோம்.

சரி, முதல் ஆப்ஷன், எல்லாரும் கேக்குறது: இருக்கிறதை அப்படியே விட்டா என்ன? ஓடத்தான் செய்யும். டிஃபெண்டருக்கு வைரஸ் சிக்னேச்சர் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்னு சொல்லியிருக்காங்க, அதனால பச்சை டிக் காட்டிட்டே இருக்கும், அதைப் பாத்து ஏமாறுறவங்கதான் ஜாஸ்தி. சிக்னேச்சர்ங்கிறது வாசல்ல திருடன் ஃபோட்டோ ஒட்டி வைக்கிறது, சுவத்துல இருக்கிற ஓட்டையை அது அடைக்காது. 2017ல ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் கதை ஞாபகம் இருக்கும், மார்ச் 14ல பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், வந்தாச்சு, மே 12ல தாக்குதல், நடுவுல ரெண்டு மாசம் டைம் இருந்துச்சு, போடாதவன் மாட்டுனான். அதுல மாட்டுனதுல பெரும்பாலும் விண்டோஸ் 7, அதாவது அப்ப சப்போர்ட்ல இருந்த ஓஎஸ், அப்டேட் போடாம வெச்சிருந்ததுதான் குத்தம்.

அச்சாபீஸ்காரங்க இதுக்கு ஒரு எதிர்வாதம் வெச்சிருப்பாங்க, நியாயமானதுதான். 2021 மார்ச் அப்டேட் போட்டதும் சில கம்பெனி பிரிண்டருக்கு பிரிண்ட் குடுத்தா ப்ளூ ஸ்க்ரீன் வந்துச்சு, உலகம் பூரா வந்துச்சு. பிரிண்ட் வேலைதான் பொழப்பே, அதுல கை வெச்சா யாருக்குத்தான் கோவம் வராது. ஆனா அதே வருஷம் ஜூலைல பிரிண்ட்நைட்மேர்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, பிரிண்ட் வேலையை வரிசைல வெச்சு பிரிண்டருக்கு அனுப்புற பிரிண்ட் ஸ்பூலர்லயே, அதை அடைக்கிறதுக்கும் அப்டேட்தான் வரணும். அண்ணாச்சி மெஷின்ல மார்ச்சோட நிறுத்துனதால ஜூலைல வந்ததும் ஏறல. நாலரை வருஷமா ஸ்பூலர் திறந்தே கிடந்துருக்கு.

ரெண்டாவது ஆப்ஷன், இஎஸ்யூ (எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்), சப்போர்ட் முடிஞ்சப்புறமும் காசு குடுத்து பேட்ச் வாங்குறது. இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. வீட்டு மெஷினுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு ஒரு வருஷம், 30 டாலர், இல்லன்னா 1000 ரிவார்ட்ஸ் பாயின்ட், இல்லன்னா செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சிங்க் பண்ணா சும்மாவே. ஒரு லைசன்ஸை 10 மெஷின் வரைக்கும் போட்டுக்கலாம். அக்கவுண்ட் கட்டாயம், லோக்கல் யூசரா மட்டும் இருந்தா ஆகாது. மெஷின்ல விண்டோஸ் 10ஓட கடைசி வெர்ஷன் 22எச்2 இருக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இது வீட்டுக்கு மட்டும், தொழிலுக்கு கிடையாது. தொழிலுக்குன்னு போனா மெஷின் ஒண்ணுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் அதுக்கு டபுள், மூணாவது வருஷம் மறுபடி டபுள், மூணையும் கூட்டுனா 427 டாலர். ஆறாவது ஜெனரேஷன் மெஷினுக்கு 427 டாலர்னா அதை விட மெஷினையே மாத்திட்டுப் போயிரலாம். வீட்டுல பிள்ளை படிக்கிற பழைய லேப்டாப்புக்கு இஎஸ்யூ நல்ல வழி, நான் என் வீட்டுல அதான் பண்ணிருக்கேன். அச்சாபீஸ்க்கு வேண்டாம்னுட்டேன். இன்னொண்ணு, இஎஸ்யூ வாங்கிட்டா கிராக் விண்டோஸ் ஜெனுயின் ஆயிரும்னு ஒருத்தர் கேட்டாரு, ஆகாதுங்க, அது பேட்சுக்கான காசு, ஓஎஸ்க்கான காசு இல்ல.

மூணாவது, விண்டோஸ் 11. டேலி மெஷினுக்கு இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல, ஜெனுயின் விண்டோஸ் 10 இருந்துச்சு, பத்தாவது ஜெனரேஷன், விண்டோஸ் 11 கேக்குற டிபிஎம்ங்கிற செக்யூரிட்டி வசதியும் இருக்கு, ஃப்ரீயா ஏத்தியாச்சு, லைசன்ஸ் தானா எடுத்துக்கிச்சு. ஒண்ணரை மணி நேரம், நடுவுல ரெண்டு டீ.

டிடிபி மெஷின்தான் தலைவலி. ஆறாவது ஜெனரேஷன் போர்டுல பயாஸ்ல போய் டிபிஎம் ஆன் பண்ணிடலாம், ஆனா மைக்ரோசாஃப்ட் ஏத்துக்கிற ப்ராசஸர் லிஸ்ட்லயே அது இல்ல, இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான். ரூஃபஸ்ங்கிற டூல்ல இன்ஸ்டால் பென் டிரைவ் பண்ணி செக்கிங்கை தாண்டி ஏத்தலாம், நிறைய பேர் ஏத்திருக்காங்க, மாசாமாசம் அப்டேட்டும் வருது. ஆனா "உங்களுக்கு அப்டேட் தரணும்னு கட்டாயம் இல்ல"ன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிட்டாங்க, அடுத்த பெரிய வெர்ஷன் தானா வராது, ஒவ்வொரு தடவையும் கையால ஏத்தணும். ஹோம், ப்ரோவுல ஒரு வெர்ஷனுக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு, அதை ஞாபகம் வெச்சு ஏத்தப் போறது யாரு, நான்தான், நான் மறந்தா? வீட்டு மெஷின்ல பண்ணிப் பாக்கலாம், சீசன்ல நிக்காம ஓட வேண்டிய மெஷின்ல வேண்டாம். மூலைல இருக்கிற கோர் 2 டுவோவுக்கு இந்தக் குறுக்கு வழியும் கிடையாது, விண்டோஸ் 11 24எச்2 வெர்ஷன் கேக்குற இன்ஸ்ட்ரக்ஷன் அந்த சிப்லயே இல்ல, பூட்டே ஆகாது.

இங்கதான் லைசன்ஸ் கேள்வி உள்ள வருது. கேஎம்எஸ்ங்கிறது பெரிய கம்பெனிகளுக்குன்னு வந்த முறை, குறைஞ்சது 25 மெஷின் இருந்தாத்தான் அந்த சர்வர் வேலையே செய்யும், 180 நாளுக்கு ஆக்டிவேட் பண்ணும், அதுக்குள்ள திரும்பத் திரும்ப புதுப்பிச்சுக்கும். கிராக் டூல் என்ன பண்ணுதுன்னா மெஷினுக்குள்ளயே ஒரு பொய் சர்வரை உக்கார வெச்சிருது. அதுக்கு அட்மின் பெர்மிஷன் குடுத்து, டிஃபெண்டரையும் விலகி நிக்கச் சொல்லி, யாரோ முகம் தெரியாதவன் எழுதுன ஃபைலை ஓட விடுறோம். அது கூட வேற எது ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்.

"அப்ப 400 ரூவாக்கு ஆன்லைன்ல கீ கிடைக்குதே"ன்னு அடுத்து வருவாங்க. நானே வாங்கிருக்கேன், ஒளிக்கல. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ப்ரோ கீ வாங்கிப் போட்டேன், டக்குனு ஆக்டிவேட் ஆச்சு, எட்டாவது மாசம் கடைக்காரர் ஃபோட்டோ எடுத்து அனுப்புறாரு, மூலைல வாட்டர்மார்க். வித்தவன் பேஜைத் தேடுனா பேஜே இல்ல. அந்தக் கீ எல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமா குடுத்த வால்யூம் கீ, எண்ணி இத்தனை தடவைன்னு கணக்கு இருக்கும், அதை வெளிய நூறு பேருக்கு வித்துருப்பான், ஒரு நாள் பிளாக் ஆகும். பில்லு இல்ல, கேக்க நாதி இல்ல. கடைக்காரர் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஓஇஎம் லைசன்ஸ், ரீடெய்ல் லைசன்ஸ் வித்தியாசமும் வாங்குறவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. ஓஇஎம் போர்டோட ஒட்டுனது, போர்டு போச்சுன்னா அதுவும் போச்சு. ரீடெய்ல் விலை கூட, ஆனா அடுத்த மெஷினுக்குத் தூக்கிட்டுப் போகலாம். எல்டிஎஸ்சின்னு ஒண்ணு சொல்லுவாங்க, ரொம்ப வருஷம் அப்டேட் வர்ற விண்டோஸ் 10 வகை, அதுல ஐஓடி வகைக்கு 2032 ஜனவரி வரைக்கும் அப்டேட் இருக்கு, உண்மைதான், ஆனா கடையில போய் ஒத்தையா வாங்குற சரக்கு இல்ல அது. நம்மகிட்ட வர்ற எல்டிஎஸ்சி எல்லாம் மறுபடியும் அதே கிராக்தான்.

இதெல்லாம் சட்டத்துல எங்க இருக்குன்னு அண்ணாச்சி கேட்டாரு. பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் பிரிவு 63பி, தெரிஞ்சே திருட்டு சாஃப்ட்வேர் ஓட்டுனா ஏழு நாள்ல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். வியாபாரத்துக்குன்னு இல்லாம இருந்தாத்தான் கோர்ட் ஜெயிலை விட்டுக்குடுக்கலாம். அச்சாபீஸ் வியாபாரம்தானே. அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "பேஜ்மேக்கருக்கு சிடி இருக்கு தம்பி"ன்னு பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டுனாரு, அட்டை மஞ்சளாகி, சீரியல் நம்பரோட. கோரலைப் பத்தி நானும் கேக்கல அவரும் சொல்லல, அது தனிப் பஞ்சாயத்து.

கடைசில டிடிபிக்கு என்ன பண்ணோம்னா, ப்ரோ ரீடெய்ல் லைசன்ஸ் விலையைப் பாத்துட்டு, கூடக் கொஞ்சம் போட்டு ஆபீஸ்ல இருந்து கழிச்சு வர்ற எட்டாவது ஜெனரேஷன் ரீஃபர்பிஷ்டு மெஷின் ஒண்ணு பில்லோட வாங்கிட்டோம், லைசன்ஸ் போர்டுலயே இருக்கு, விண்டோஸ் 11 ஓடுது, பேஜ்மேக்கர் 7 அதுல ஏறிருச்சு. பழைய ஃபான்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி.

கவுன்ட்டர் மெஷினுக்கு நாலாவது ஆப்ஷன், லினக்ஸ் மிண்ட், விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச ஓஎஸ். லைசன்ஸ் கேள்வியே இல்ல, 22ஆம் வெர்ஷனுக்கு 2029 வரைக்கும் அப்டேட் இருக்கு, ஓஎஸ்க்கும் பிரௌசருக்கும் லிப்ரே ஆபிஸுக்கும் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல அப்டேட், நடு வேலைல "ரீஸ்டார்ட் பண்றேன்"னு மிரட்டாது, டைம்ஷிஃப்ட் போட்டு வெச்சுட்டா கெட்டுப் போனா நேத்து நிலைமைக்குத் திரும்பிடலாம். கஸ்டமர் பென் டிரைவ்ல வர்ற ஷார்ட்கட் வைரஸ் எல்லாம் இதுல வெறும் ஃபைலாக் கிடக்கும். ஆனா டேலிக்கும் பேஜ்மேக்கருக்கும் இதை நம்ப முடியாது, சும்மா வீரம் பேசக் கூடாது. பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆபிஸ் டிரா திறக்கும், திறந்தா பாமினி ஃபான்ட்ல இருக்கிற தமிழ் எழுத்தெல்லாம் லைன் மாறி இறங்கிக் கிடக்கும், பாத்துக்கலாம், அச்சுக்கு ஆகாது.

கோர் 2 டுவோல நெட் வயரைப் புடுங்கிட்டு, போர்ட்டுல செல்லோடேப் ஒட்டிட்டேன். ஸ்கேன் மட்டும், அதுக்குன்னே தனியா ஒரு பென் டிரைவ்.

விண்டோஸ் 11 ஓடுற ரெண்டு மெஷின்லயும் அப்டேட்டை ஆஃப் பண்ணல, ஒரு வாரம் பாஸ் பண்ண, அதாவது தள்ளிப் போட, பழக்கியிருக்கேன். மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய், நம்ம டைம் ராத்திரி பத்தரை பதினொண்ணரை வாக்குல பேட்ச் வரும், ஏதாவது பிரிண்டர் கோளாறுன்னா அந்த ஒரு வாரத்துல ஊர் உலகம் கத்திரும், அடுத்த செவ்வாய் நாம போட்டுக்கலாம். அஞ்சு வாரத்துக்கு மேல பாஸ் பண்ண அதுவே விடாது, நல்லதுதான்.

போன வாரம் கவுன்ட்டர் பையன் ஃபோன் பண்ணான். மிண்ட் நல்லாருக்குண்ணே, டைப்ரைட்டர் கீபோர்டு கூட இருக்குண்ணே, ஆனா நான் அடிச்சு அனுப்புற மேட்டரை பேஜ்மேக்கர்ல ஒட்டுனா பூரா கேள்விக்குறியா வருதுங்காங்கண்ணே. மிண்ட்ல அடிக்கிறது யூனிகோடு, இப்ப எல்லா இடத்துலயும் ஓடுற எழுத்து முறை, பேஜ்மேக்கர் பழைய சாஃப்ட்வேர், அதுக்கு யூனிகோடு எங்க தெரியும். டிடிபி மெஷின்ல என்எச்எம் கன்வர்ட்டர் போட்டு பழைய ஃபான்ட் எழுத்தா மாத்திக்கச் சொல்லிருக்கேன், அதுவும் இலவசம்தான், பில்லு கேட்டு அண்ணாச்சி ஃபோன் பண்ண மாட்டாரு.